பட்டியில் பலம் இல்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வேலூர் ரோட்டில் செட் போட்டுவிட்டாய், முதல் பெரிய வேலையாகப் பழைய டால்பின் கார் ஒன்று வந்து நிற்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். முன்பக்க மட்கார்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, பானட் ஓரத்தில் நட்சத்திர விரிசல், முன்பு யாரோ பூசிய பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து வருகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு நீ கேட்டிருப்பது ஒரே கேள்விதான்: ஃபைபர் பாடிக்கு எந்தக் கம்பெனி பட்டி நல்லது?

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், அந்தப் பழைய பட்டியைப் பூசியவர் போன வழியில்தான் நீயும் போவாய். தகர பாடி எதிலாவது இடித்தால் தகரம் நசுங்குமே தவிரப் பெரும்பாலும் அறுந்துபோகாது. டிங்கர் தட்டி நிமிர்த்திய பிறகு மிச்சமிருக்கும் மேடு பள்ளத்தை மறைப்பதற்குத்தான் பட்டி. அடியில் உலோகம் முழுசாக இருக்கிறது. பலத்துக்கு அது பொறுப்பு. ஃபைபர் பாடி நசுங்காது, உடையும். உடைந்தது என்றால் உள்ளே கண்ணாடி இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அறுந்த இழைக்குப் பதில் இழைதான் வைக்க வேண்டும். சாதாரணப் பட்டியில் இழை கிடையாது. ரெசினும் டால்க் மாவும்தான் இருக்கின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதில் பலம் வராது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

தறியை விட்டு இந்த வேலைக்கு வந்ததில் அப்பாவுக்கு மனத்தாங்கல் இருப்பதாக எழுதியிருக்கிறாய். ஒரு காரியம் செய். கண்ணாடித் துணியில் ஒரு முழம் வெட்டி எடுத்துப் போய் அவர் கையில் கொடு. சாதா நெசவா, ட்வில்லா என்று நீ சொல்லாமலே அவர் சொல்லிவிடுவார். அதிலும் பாவு உண்டு, ஊடை உண்டு. தறியில் நெய்ததுதான் அதுவும். பாவும் ஊடையும் ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதா நெசவு விறைப்பாக நிற்கும். தட்டையான இடத்துக்கு அது போதும். மட்கார்டு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த இடத்தில் அது சுருக்கம் விழும். அங்கே சாய்கோடு விழும் ட்வில் நெசவு போடு, படிந்து உட்காரும். சாதா நெசவுதான் கையில் இருக்கிறது என்றால், தையற்காரர் கிராஸ் கட்டிங் வெட்டுவதுபோல மூலைவாட்டத்தில் வெட்டிப் போடு. வளைவுக்குத் தகுந்தபடி இழுபட்டு உட்காரும். எந்தத் திசையில் இழை ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் பலம் என்பது நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் அடுக்கை நேராகவும் அடுத்த அடுக்கை 45 டிகிரி திருப்பியும் வைத்தால் நாலா பக்கமும் தாங்கும். சென்னையிலிருந்து டிங்கரிங் கற்றுக்கொண்டு வருபவனுக்கு இது பிடிபட வருஷங்கள் ஆகும். உனக்குக் கையிலேயே இருக்கிறது.

கார் பட்டறைகளில் பெரும்பாலும் துணி இருக்காது, மேட்தான் இருக்கும். துண்டு துண்டாக வெட்டிய இழையைக் கலைந்தபடி பரப்பி, ஒரு பசை கொண்டு ஒட்டி, பாய் மாதிரி சுருட்டி விற்பார்கள். விலை மலிவு, பாலியஸ்டர் ரெசினுக்கு அது பொருத்தம். ஆனால் எபாக்ஸி ரெசினோடு அதைச் சேர்க்கும்போது கவனம் வேண்டும். மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பசை, பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டால் கரைந்துபோகும்; உடனே மேட் தளர்ந்து வளைவில் படியும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை. பசை கரையாது, மேட் விறைத்துக்கொண்டே நிற்கும், அடியில் காற்று தங்கும். எபாக்ஸி என்று முடிவு செய்தால் நெய்த துணி வாங்கு, அல்லது இழைகளைப் பின்னாமல் தையல் போட்டுப் பிடித்திருக்கும் துணி வாங்கு. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதாங்க” என்பார். ஒன்றல்ல.

எபாக்ஸி எதற்கு, பாலியஸ்டரே போதாதா என்று கேட்பாய். உன் டால்பின் பாலியஸ்டரில் செய்த வண்டிதான். புதிதாக ஒரு பாடியை மோல்டில் வார்க்கும்போது, ஈரம் காயாத அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு விழுவதால் இரண்டும் ஒன்றாகிவிடும்; பாலியஸ்டரே அதற்குப் போதும். பழுது பார்ப்பது வேறு. நாற்பது வருஷத்துக்கு முன் இறுகிப்போன ரெசின் மேல் புது ரெசினை ஒட்ட வேண்டும். அங்கே வேதியியல் பிணைப்பு கிடையாது, பிடிப்பு மட்டும்தான். பிடிப்பில் எபாக்ஸி பல படி மேலே. இறுகும்போது சுருங்குவதும் குறைவு. ஆனால் ஒரு வழியில் போனால் திரும்பி வர முடியாது என்பதை மனதில் வை. பழைய பாலியஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாக ஒட்டும். எபாக்ஸி மேல் பாலியஸ்டர் ஒழுங்காக ஒட்டாது. எபாக்ஸி முழுவதும் இறுகாத நிலையில், அதை இறுக வைக்கும் ஹார்டனரில் உள்ள அமீன் பாலியஸ்டரை இறுகவிடாமல் தடுக்கும். அதனால் எபாக்ஸி என்று தொடங்கினால் துணி வேலை முழுவதையும் எபாக்ஸியிலேயே முடி.

இன்னொன்று. வந்து நிற்கும் எல்லா வண்டியும் ஃபைபர் என்று நினைத்துவிடாதே. இன்றைய கார் பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். உள்பக்கம் திருப்பிப் பார், ‘பிபி’ என்ற எழுத்து அச்சாகியிருக்கும். அதன் மேல் எபாக்ஸி போட்டால் காய்ந்ததும் நகத்தாலேயே உரித்து எடுத்துவிடலாம். பெங்களூரிலிருந்து 2001-இல் வந்த ரேவா மின்கார் பாடியும் பிளாஸ்டிக்தான், கண்ணாடி இழை இல்லை. உடைந்த விளிம்பைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வெள்ளை இழைகள் நார் நாராக நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது நம் வேலை.

டால்பின் உனக்கு முதல் வேலையாக வந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982-இல் இந்த வண்டியைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரின் வார்ப்பு, 848 சிசி எஞ்சின், இரண்டே கதவு. அதற்கு முன் அவர்களே பாதல் என்ற மூன்று சக்கர வண்டியையும் ஃபைபரில் செய்தார்கள். டால்பின் வந்த அடுத்த வருஷம் டிசம்பரில் மாருதி 800 வந்தது. டால்பினால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால் எடை குறைவு என்பதால் ரேலிக்காரர்களுக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. ஃபைபரில் கார் செய்வது அப்போது உலகத்துக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் 1953-லேயே கார்வெட் என்ற கார் முழு ஃபைபர் பாடியோடு வந்துவிட்டது. முதல் வருஷம் 300 வண்டிதான், எல்லாம் கையால் செய்தவை. கிழக்கு ஜெர்மனியில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது டிராபன்ட் காருக்குப் பருத்திக் கழிவையும் பீனால் ரெசினையும் சேர்த்து அழுத்திப் பாடிப் பலகை செய்தார்கள். 1957-இலிருந்து 1991 வரை அந்தக் கார் தயாரானது. பருத்தியில் கார்! இதையும் அப்பாவிடம் சொல்.

நம் பக்கத்திலும் இந்தக் கை உண்டு. கோயம்புத்தூரில் கரிவரதன் என்பவர் தன் பட்டறையில் மாருதி எஞ்சினை வைத்து பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதி வண்டிகளில் ஏறி ஓட்டிப் பழகியவர்கள் எத்தனையோ பேர். 1995-இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார்; செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் திடல் அவர் பெயரில் நிற்கிறது. கடலோரம் போனால் கட்டுமரம் இருந்த இடத்தில் இப்போது ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் பக்கமெல்லாம் படகு வார்க்கும் பட்டறைகள் பெருகின. கரூரில் பஸ் பாடி கட்டும் இடங்களில் முன்முகமும் பின்முகமும் ஃபைபரில்தான் வார்க்கிறார்கள். உனக்கு நான் சொல்வது: மழைக் காலத்தில் உன் செட்டில் வேலை குறையும்போது கடலூர்ப் பக்கம் போய் ஒரு படகுப் பட்டறையில் கூலி வாங்காமல் நின்று பார். அலை அடிக்கும் இடத்தில் ஒட்டு எப்படி நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கார் பட்டறைகளில் பலருக்குத் தெரியாது.

இனி அந்த மட்கார்டுக்கு வருகிறேன்.

முதலில் பழைய பட்டி முழுவதையும் எடுத்துவிடு. நன்றாக இருப்பதுபோலத் தெரியும் பகுதியையும் விடாதே. பிறகு ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வா. கெட்டியான இடத்தில் சத்தம் கணீரென்று வரும். அடுக்கு பிரிந்த இடத்தில் மொத்தென்று வரும். மொத்தென்ற இடம் எங்கே முடிகிறதோ அங்கே மார்க்கர் போடு. கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைவிடப் பழுது எப்போதும் பெரிது.

மெழுகும் பாலிஷும் முதலில் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் தேய்ப்பு. இந்த வரிசையை மாற்றிவிடாதே. பலரும் நேராக உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவார்கள். மேலே இருந்த மெழுகு, தேய்த்த கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அசிட்டோனில் நனைத்த துணியால் ஒரே பக்கமாகத் துடை, துணியை மாற்று, மறுபடி துடை. அதன் பிறகு பெயிண்ட்டையும், அதன் அடியில் இருக்கும் ரெசின் பூச்சான ஜெல்கோட்டையும் கிரைண்டரில் எடு. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிக் கோந்தை எடுத்த பிறகுதானே சாயம் பிடிக்கும்? அதேதான் இங்கும். வேலையின் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. இந்தப் பாதிக்கு யாரும் கூலி கொடுக்க விரும்பமாட்டார்கள், ஏனென்றால் முடித்த பிறகு இது கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது சரிவு. இதை எழுத எனக்கு எத்தனை பக்கம் ஆனாலும் பரவாயில்லை, ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தறியில் பழைய பாவு தீர்ந்தால் ஒவ்வோர் இழையின் நுனியையும் புதுப் பாவின் நுனியோடு பிணைத்துவிடலாம். அறுந்த கண்ணாடி இழையை அப்படிப் பிணைக்க வழியே இல்லை. பழைய இழையின் பக்கத்தில் புது இழையைப் படுக்க வைக்கத்தான் முடியும்; பாரம் பழையதிலிருந்து புதியதற்கு ரெசின் வழியாகத்தான் கடக்க வேண்டும். கடப்பதற்கு இடம் வேண்டும். அந்த இடம்தான் சரிவு. படகுக்காரர்கள் 12-க்கு 1 என்று கணக்கு வைப்பார்கள். பாடியின் தடிமன் 3 மில்லி என்றால் ஓட்டையைச் சுற்றி நாலா பக்கமும் 36 மில்லி அகலத்துக்கு, விளிம்பில் கத்தி முனையாகக் குறைந்து வரும்படி தேய்க்க வேண்டும். கையளவு ஓட்டை தட்டளவு ஆகிவிடும். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றால் பதறிப்போவார். “நல்லா இருந்த இடத்தையும் கெடுத்துட்டியே” என்பார். முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வை. மூலையில் இடமே இல்லை என்றால் 8 மடங்காவது வரட்டும். அதற்குக் கீழே வேண்டாம்.

முடிந்தவரை உள்பக்கத்திலிருந்து செய். மட்கார்டின் வெளிப்பக்கம் வடிவம் தப்பாமல் இருக்கும், ஒட்டு உள்ளே மறைந்திருக்கும். வெளியே ஓட்டையை மூட மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையோ அட்டையையோ பாலிதீன் சுற்றி டேப் போட்டு நிறுத்து. ரெசின் பாலிதீனில் ஒட்டாது.

கலப்பது எப்படி? பாலியஸ்டரில் பழகிய கைக்கு இது பெரிய சோதனை. பாலியஸ்டரில் போடும் எம்இகேபி ஒரு தூண்டிதான். வெயிலைப் பார்த்து 1 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் நடுவில் கூட்டலாம், குறைக்கலாம். எபாக்ஸியின் ஹார்டனர் அப்படிக் கிடையாது. அது ரெசினோடு சேர்ந்து அந்தப் பொருளாகவே மாறுகிறது. கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது தப்பு. மிஞ்சிய ஹார்டனர் உள்ளே தங்கிப் பொருளை மென்மையாக்கிவிடும். நம் கடைகளில் கிடைக்கும் அரால்டைட் எல்ஒய் 556 ரெசினுக்கு எச்ஒய் 951 ஹார்டனர் எடையில் 100-க்கு 10. கவனி, எடையில். 50 கிராம் ரெசினுக்கு 5 கிராம் ஹார்டனர். அதில் ஒரு கிராம் தவறினாலே 20 சதவீதத் தவறு. அதனால் கண்ணளவு, மூடியளவு, ஸ்பூன் அளவு எதுவும் வேண்டாம். நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரி பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடு. வீடுகளில் எல்லோரும் பயன்படுத்தும் சாதாரண அரால்டைட் குழாய்கள் இரண்டையும் பார்: அளவில் சரிக்குச் சரி என்பார்கள், எடையில் அதுவே 100-க்கு 80. அளவையும் எடையையும் குழப்பினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே புரியும். ஒவ்வொரு டப்பாவும் ஒவ்வொரு கணக்கு. டப்பாவில் எழுதியிருப்பதைப் படி.

சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வெயில் உனக்குத் தெரியும். 10 டிகிரி கூடினால் கலவை இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். கப்பில் குவியலாக வைத்திருந்தால் அதன் சூட்டிலேயே அது இன்னும் சூடேறிப் புகை கக்கும், பிளாஸ்டிக் கப் உருகும். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடு. ஒரு தடவைக்குத் தேவையான அளவுதான் கலக்க வேண்டும். புகைய ஆரம்பித்துவிட்டால் கழிவுத் துணி கிடக்கும் டிரம்மில் போடாமல் வெட்டவெளியில் கொண்டு வை. கோடையில் துணி போடும் வேலையைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்.

சரிவில் முதலில் பிரஷ்ஷால் ரெசின் தடவு. பிறகு துணி. சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள துணியைக் கையால் போட்டால் ஓர் அடுக்கு ஏறத்தாழ முக்கால் மில்லி வரும், 3 மில்லிக்கு நான்கு அடுக்கு. பெரிய துண்டை முதலில் வைத்து, அடுத்தடுத்து சிறியதாக வை என்பது என் கட்சி. சிறியதை முதலில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். பெரியதை முதலில் வைத்தால் சரிவு முழுவதையும் ஒரே துணி பிடித்துக்கொள்ளும். துணி ரெசினைக் குடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்: வெள்ளை வெளேரென்று இருந்த துணி மெல்ல மெல்ல மறைந்து கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் நீ தேய்த்த பரப்பு தெரியும். எங்கே வெள்ளை மிச்சமிருக்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்று. அதற்காக மேலும் மேலும் ரெசினை ஊற்றாதே. நெய்த துணிக்கு அதன் எடை அளவு ரெசின் போதும். மிச்ச ரெசின் பாரம்தான், பலம் ஆகாது; அதுவே பிறகு விரிசலும் விடும்.

மறுநாள் மேலே எண்ணெய் தடவியதுபோல ஒரு பிசுக்கு இருக்கும். ஈரப்பதம் அதிகமான ஐப்பசி, கார்த்திகையில் அது இன்னும் அதிகம். ஹார்டனரில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாவது அது. தின்னரால் துடைத்தால் பரவும். வெறும் தண்ணீரும் பச்சை ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவினால் போய்விடும். கழுவித் துடைத்த பிறகுதான் உப்புத்தாள்.

இப்போது, நீ கேட்ட பட்டி. வடிவத்துக்கு மட்டும்தான் அது. எபாக்ஸியில் நீயே கலந்துகொள்ளலாம்: முதலில் ரெசினையும் ஹார்டனரையும் முழுதாகக் கலக்கு, அதற்குப் பிறகு பொடி. உள்ளே வெற்றாக இருக்கும் நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாலான மைக்ரோபலூன் பொடி போட்டால் எடை குறையும், சுலபமாகத் தேயும். அதோடு கொஞ்சம் சிலிக்கா பொடி சேர்த்தால் செங்குத்தான இடத்தில் வழியாது. கத்தியை நிமிர்த்திப் பிடித்தால் கலவை அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். சிலிக்காவை மட்டுமே போட்டு விடாதே, காய்ந்த பிறகு தேய்க்க முடியாமல் கை நோகும். மூலையை நிரப்பவும் இரண்டு துண்டுகளை ஒட்டவும் பொடித்த கண்ணாடி இழையோ பஞ்சுத் தூளோ சேர். 3 மில்லிக்கு மேல் பட்டி தேவைப்படுகிறது என்றால் துணி வேலையில் ஏதோ தப்பு. துணிக்கே திரும்பிப் போ. கடைசி நுணுக்கத்துக்குக் கடைப் பாலியஸ்டர் பட்டிதான் வேண்டும் என்றால், அடியில் உள்ள எபாக்ஸி முழுவதும் இறுகி, கழுவி, 80 நம்பர் தாளில் கீறிய பிறகு மெல்லிசாகப் போடு. அதில் உள்ள டால்க் தண்ணீரை உறிஞ்சும். நம் ஊர்ப் பட்டறைகளில் பட்டி மேல் நேராகத் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் போடும் பழக்கம் இருக்கிறது, அதை விட்டுவிடு. பிரைமர் அடிக்கும் வரை காய்ந்த தேய்ப்பு மட்டும்.

பெயிண்ட் அடிக்கும் முன் வண்டியை வெயிலில் நிறுத்து. அறைச் சூட்டில் இறுகிய எபாக்ஸி, பிறகு ஒரு நாள் மே மாத வெயிலில் கருப்பு பெயிண்ட்டோடு நிற்கும்போது இன்னும் கொஞ்சம் இறுகும், சுருங்கும். பளபளப்பான பெயிண்ட்டில் துணியின் நெசவுக் கோடு அப்படியே தெரியும். அந்த இறுக்கத்தை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். ஒரு வாரம் அப்படியே விட்டு, அதில் சில நாள் நல்ல வெயில் காட்டு. வெளிநாட்டில் இதற்குச் சூளை அறை வைத்திருக்கிறார்கள். நமக்குச் சூரியன் இருக்கிறது. அதற்குப் பிறகு கடைசித் தேய்ப்பு, பிரைமர், பெயிண்ட். அது உனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை.

பானட் ஓரத்து நட்சத்திர விரிசலைப் பற்றி ஒரு சொல். விரிசலைச் சரிசெய்யும் முன் விரிசலுக்குக் காரணம் தேடு. டால்பினில் பாடி ஃபைபர், சேஸிஸ் இரும்பு. பாடி துருப்பிடிக்காது, சேஸிஸ் பிடிக்கும். போல்ட் உட்காரும் இடம் துருவில் இற்றிருந்தாலோ, சின்ன வாஷரோடு போல்ட்டை இறுக்கி முறுக்கியிருந்தாலோ அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். அதைப் பார்க்காமல் நீ எவ்வளவு அழகாக ஒட்டினாலும் அடுத்த தீபாவளிக்குள் திரும்ப வரும். பெரிய வாஷர் போடு, இரும்பு இற்றுப்போயிருந்தால் வெல்டரைக் கூப்பிடு. சீட் பெல்ட் பிடிக்கும் இடமோ சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமோ உடைந்து வந்தால் நீ தனியாகக் கை வைக்க வேண்டாம். அது உயிர் சம்பந்தப்பட்டது.

உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை. எபாக்ஸி தோலில் படப்பட ஒரு நாள் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும், சில பேருக்கு வாடை பட்டாலும் தடித்து அரிக்கும். வாழ்நாள் முழுக்க விடாது. நல்ல கைகள் அதனாலேயே தொழிலை விட்டுப் போயிருக்கின்றன. நைட்ரைல் கையுறை போடு, வியர்த்தால் மாற்று. கையில் பட்ட ரெசினைத் தின்னரால் கழுவினால் அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே அனுப்பும், சோப்பு போதும். தேய்க்கும்போது முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது போதாது. தூசுக்கு என்95 மாஸ்க், ரெசின் வாடைக்கும் தின்னர் வாடைக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க். பாலியஸ்டர் வேலை வந்தால் எம்இகேபியையும் முடுக்கியான கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்த்துவிடாதே, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகுதான் மற்றது. எம்இகேபி கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். கண்ணாடி போடாமல் அந்த பாட்டிலைத் திறக்காதே.

பக்கத்து வீடுகளையும் நினைத்துக்கொள். உன் செட்டுக்குப் பின்னாலேயே தறி ஓடும் வீடுகள் இருப்பதாக எழுதியிருக்கிறாய். கிரைண்டர் தூசு காற்றில் போய் ஒரு பட்டுப் பாவில் படிந்தால் அந்தச் சேலையும் போச்சு, நெய்பவர் விரலும் போச்சு. சுற்றிலும் தார்ப்பாய் கட்டு, ஈரத் துணி போட்டுத் தூசை அடக்கு, பெருக்கியதை மூட்டை கட்டு. கமண்டல நாகநதிப் பக்கம் கொட்டிவிட்டு வராதே. அது மக்காத பொருள்.

கூலி விஷயம். ஒரே நாளில் பட்டி போட்டு முடித்துத் தருகிறேன் என்று உன்னைவிடப் பாதி விலைக்குக் கேட்க ஆள் வருவான். வண்டிக்காரருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளியிலிருந்து தெரியாது. சரிவு தேய்த்த நிலையில், துணி போட்ட நிலையில், இரண்டு முறை அவரைக் கூப்பிட்டுக் காட்டு. போனில் படம் எடுத்துக் கொடு. பார்த்தவர் பணம் கொடுப்பார். பார்த்தும் பட்டியே போதும் என்பவரை வேறு செட்டுக்கு அனுப்பிவிடு; அந்த வேலை உன் பெயரில் ரோட்டில் ஓட வேண்டாம்.

வேலை முடிந்து மட்கார்டைப் பூட்டுவதற்கு முன், அதன் உள்பக்கத்தில் அழியாத மார்க்கரால் “எபாக்ஸி” என்று எழுதி, மாதமும் வருஷமும் போடு. அடுத்து அதைத் திறக்கும் மெக்கானிக் தெரியாமல் மேலே பாலியஸ்டர் பூசிவிடக் கூடாது. எழுத மறந்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்